பிணியாளர் பணியும் பெற்றார் ஆணையும்



மானுடப் பிறவி எடுத்தார் செய்தற்குரிய கடமைகள் பல. அவற்றுள், பெற்றாரைப் பேணுதலும் அவர் சொல்லைக் கடவாது ஒழுகுதலும் தலையாயன என்பதை நாம் இளமைதொட்டே கற்றிருக்கின்றோம். இடருற்ற உயிர்களுக்கு இரங்கி இயன்ற உதவி புரிதலும் அவ்வாறே தலையாய கடமை என்பது நம் நூல்களின் துணிவு. இவ்விரண்டும் ஒருவழிப்பட நிற்குங்கால் யாதோர் இடர்ப்பாடும் இல்லை. ஒன்று ஒருபுறமும் மற்றொன்று மறுபுறமுமாக நின்று இழுக்குங்கால், எதனைக் கொள்வது, எதனை விடுவது?

இவ்வினாப் பழைய வினாவாயினும், இன்றும் நம் இல்லங்களில் எழுவதே. செல்வமும் கல்வியும் உள்ள வீட்டிற் பிறந்த பெண்மகள் ஒருத்தி, தாதியர் தொழிலைக் கற்று நோயாளரிடையே வாழ விரும்புவேன் என்பாளாயின், "உனக்கென்ன குறை வந்தது? பிறர் புண்ணைக் கழுவியா நீ பிழைக்கவேண்டும்? நாளைக்கு உன்னைக் கொள்வார் யார்?" என்னும் சொற்களை அவள் கேளாமலிருப்பது அரிது. இவ்வாறு சொல்லும் பெற்றோர் தீயவரல்லர். மகள்மீது வைத்த அன்பினாலேயே அவ்வாறு சொல்லுகின்றனர். ஆதலினாற்றான் வினா கடினமாகின்றது. தீயவர் தடுப்பராயின் மீறுதல் எளிது. அன்புடையார் தடுக்குங்கால் என் செய்வது?

இதனை வெறும் வாதமாக ஆராய்வதினும், இவ்விடரை முழுவதும் அநுபவித்த ஒருவருடைய சரித்திரத்தை எடுத்து ஆராய்தல் நலம் என்று கருதி, ஆங்கில நாட்டுச் செல்வக் குடும்பம் ஒன்றில் உதித்த புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அவர் பெயரை அறியாதார் சிலரே. ஆயினும் கையில் விளக்கேந்திய ஒரு சித்திரமாகவே பலரும் அவரை அறிவர். அவ்விளக்கைக் கையில் எடுக்குமுன் அவர் தம் வீட்டினுள்ளே பட்ட பாட்டினை அறிந்தார் சிலரினும் சிலர்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி இத்தாலி தேசத்துப் புளோறன்ஸ் நகரிலே, பெற்றோர் யாத்திரை செய்துகொண்டிருந்த காலத்திற் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவருக்கு இடப்பட்டது. தந்தையார் வில்லியம் நைற்றிங்கேல் பெருநிலக்கிழார். டாபிஷயர், ஹாம்ஷயர் என்னும் இரு மாகாணங்களிலும் அவருக்கு மாளிகைகள் இருந்தன. அவர் கல்வியிற் பெரு விருப்பமுடையவர். தம் புதல்வியர் இருவருக்கும் கிரேக்கம், இலத்தீன், சரித்திரம், தத்துவம் முதலியவற்றைத் தாமே கற்பித்தார். தாயார் பிரான்ஸிஸ், விருந்தும் வரிசையும் உயர்ந்தோர் நட்புமே தம் புதல்வியர்க்கு ஏற்றன என்று கருதியவர். தமக்கையார் பார்த்தினோப்பி தாயார் வழி நின்றவர்.

1837ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 7ஆந் திகதி, பதினாறு வயதுக் கன்னிகையாகிய புளோறன்ஸ், இறைவன் தம்மைத் தம் திருப்பணிக்கு அழைத்ததாக உணர்ந்தார். அதனைத் தம் கைப்பட எழுதியும் வைத்தார். அப்பணி இன்னது என்பது அன்று அவருக்குத் தெளிவாகவில்லை. மாளிகையின் அயலிலுள்ள ஏழைக் குடிசைகளில் நோயாளரைச் சென்று பார்த்துவந்த அநுபவத்தினாற் சில ஆண்டுகளிலே தெளிந்தது: நோயாளரைப் பேணுதலே தம் பணி, அதற்கு இரக்கம் மாத்திரம் போதாது, முறையான பயிற்சியும் வேண்டும் என்பதாம்.

1845ஆம் ஆண்டில், சோல்ஸ்பரி நகரத்து வைத்தியசாலையிற் சில மாதங்கள் தங்கி அப்பணியைக் கற்க அநுமதி வேண்டினார். வீடு முழுவதும் கலங்கியது. தாயார் திகைத்துக் கோபங்கொண்டார், தமக்கையார் அழுது அரற்றினார், தந்தையாரும் வெறுப்புற்றார். விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

தாயாரை முற்றும் பழித்தல் தகாது. அக்காலத்து ஆங்கில வைத்தியசாலைகளின் நிலையை நாம் அறிதல் வேண்டும். செல்வர் நோயுற்றால் வீட்டிலேயே வைத்தியம் பெறுவர். வைத்தியசாலைக்குச் செல்வோர் வறியரே. அங்கே துர்நாற்றமும் அழுக்கும் நிறைந்திருந்தன. தாதிகளாய் இருந்தோர் பலர் குடிப்பழக்கமும் தீயொழுக்கமும் உடையவர் என்னும் பெயர் பெற்றிருந்தனர். அத்தகைய இடத்துக்குத் தன் மகளை அனுப்ப எத்தாய் இசைவாள்? ஆகவே தாயாரின் அச்சம் காரணமில்லாத அச்சம் அன்று. ஆயினும், அந்நிலையைக் கண்டு தாயார் "அங்கே போகாதே" என்றார். அதே நிலையைக் கண்டு மகளார் "அங்கேதான் போதல் வேண்டும்" என்றார். ஒரு காரணமே இருவரையும் இருவழிப்படுத்தியது.

மறுப்புக்குப் பின்னும் அம்மையார் வீட்டை விட்டு ஓடினாரல்லர்; பெற்றோரை இகழ்ந்தாருமல்லர். விடியுமுன் எழுந்து, விளக்கொளியில் இருந்து, வைத்தியசாலைகளைப் பற்றிய அரசாங்க அறிக்கைகளை வாசித்துக் குறிப்பெழுதுவார். பொழுது புலர்ந்தபின், வீட்டுக்குரிய மகளாய் விருந்தினரோடு இருந்து உரையாடுவார். இவ்வாறு ஆண்டுகள் கழிந்தன. கல்வியும் நற்குணமும் உடைய றிச்சர்ட் மொங்ற்றன் மில்ன்ஸ் என்பார் பல்லாண்டு காத்திருந்து அவரை மணக்க விரும்பினார். அம்மையாரும் அவர்பால் அன்பு இல்லாதவரல்லர். ஆயினும் மணவாழ்வு தம் பணிக்கு இடந்தராது என்று துணிந்து 1849ஆம் ஆண்டில் மறுத்துவிட்டார். தாயாரின் மனத்தாங்கல் பெருகியது.

1851ஆம் ஆண்டில், ஜேர்மனியிலே றைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வேர்த் என்னும் ஊரில், பிளீட்னர் என்னும் குருவானவர் 1836ஆம் ஆண்டில் நிறுவிய நோயாளர் இல்லத்திற் சென்று ஏறக்குறைய மூன்று மாதம் பயின்றார். அதற்கும் வீட்டார் விதித்த நிபந்தனை, ஒருவரும் அறியலாகாது என்பதே. தாயாரும் தமக்கையாரும் நீரூற்று ஒன்றில் உடல்நலம் வேண்டித் தங்கியிருக்க, அம்மையார் மறைவாகச் சென்று பயின்றார். களவு செய்வார் மறைவாகச் செல்லுதல் உலக இயல்பு. புண்ணியஞ் செய்வாரும் மறைவாகச் செல்லவேண்டியிருந்த காலம் அது. செல்வ வீட்டுப் பெண்கள் வேலையின்றி வாடி மடிவதைப் பற்றி அவர் 1852ஆம் ஆண்டளவில் "கசாண்ட்றா" என்னும் பெயரால் மனம் நொந்து ஒரு கட்டுரையும் எழுதினார்.

ஈற்றில் தந்தையார் மனம் இளகியது. ஆண்டுக்கு 500 பவுண் தம் மகளுக்கு அளிக்க இசைந்தார். 1853ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், இலண்டன் ஹாளி வீதியில் நோயுற்ற பெண்களுக்கென அமைந்த சிறு வைத்தியசாலை ஒன்றின் தலைமையை அம்மையார் ஏற்றார். அழைப்பு வந்தபோது வயது 16. பணி கிடைத்தபோது வயது 33. இடைப்பட்ட பதினாறு ஆண்டுக்கு மேற்பட்ட காலம் முழுவதும் அவர் இயற்றிய தவம் பொறுமை ஒன்றே.

அடுத்த ஆண்டிலே சோதனை வந்தது. 1854ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாத இறுதியில், இலண்டன் நகரின் ஸோஹோ என்னும் பகுதியில் வாந்திபேதி கொடுமையாகத் தோன்றியது. ஏழைகள் நெருங்கி வாழும் அவ்விடத்தில், பத்து நாளுள் 500க்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகள் வெறுமையாயின; ஓடக்கூடியவர் எல்லாரும் ஓடினர். நோய்கண்டோர் மிடில்செக்ஸ் வைத்தியசாலைக்கு ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுவரப்பட்டனர். அப்பொழுது அம்மையார் தாமாகவே சென்று அவ்வைத்தியசாலையில் வாந்திபேதி கண்ட பெண்களைப் பேணும் பொறுப்பை ஏற்றார். அப்பெண்களுட் பலர், உலகத்தாரால் இகழப்பட்டுத் தெருவிலே வாழ்ந்தவர். அழுக்கும் குடிவெறியும் மேலிட்ட நிலையில் வந்தவர். ஒரு மாளிகையின் மகளார் அவர்களைத் தம் கையாலேற்று, உடை களைந்து, உடம்பைத் துடைத்து, ஒற்றடமிட்டு, இரவும் பகலும் இருக்கையின்றி நின்று பணிசெய்தார். எலிசபெத் காஸ்கெல் என்னும் எழுத்தாளர் அவ்வாண்டில் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது எழுதிய கடிதத்தினால் இச்செய்தி நமக்குத் தெரிகின்றது.

அன்பர்களே, இங்கே சற்றே நின்று சிந்தியுங்கள். அந்நோய் எதனால் பரவுகின்றது என்பதை அன்று பெரும்பாலார் அறியார். கெட்ட காற்றினால் வருகின்றது என்றே வைத்தியர் பலரும் நம்பினர். அம்மையாரும் அவ்வாறே நம்பினார். அஃதாவது, அவ்வறையிற் புகுந்து மூச்சுவிடுதலே மரணத்துக்கு ஏதுவாகலாம் என்று எண்ணிக்கொண்டே அவர் புகுந்தார். அச்சமின்றிப் புகுவது ஒருவகை. அஞ்சத்தக்கது என்று அறிந்தும் புகுவது வேறொருவகை. பின்னதே பெரிது.

அதே நாட்களில், அதே ஸோஹோப் பகுதியிலே, ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் வீடுவீடாகச் சென்று, எவர் எக்கிணற்று நீரைக் குடித்தனர் என்று விசாரித்து, புறோட் வீதியிலுள்ள ஒரு நீரேற்றுக்குழாயே நஞ்சின் ஊற்று என்று கண்டார். அவர் சொற்படி செப்ரெம்பர் 8ஆந் திகதி அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. மலக்குழி ஒன்றின் கசிவு அக்கிணற்றிற் கலந்தது பின்னர்த் தெளிவாயிற்று. நோய்க்குரிய கிருமியைக் கோக் என்னும் ஜேர்மன் வைத்தியர் 1884ஆம் ஆண்டளவில் நிலைநாட்டியதோ முப்பது ஆண்டின் பின்னர். ஆக, ஒரே கொள்ளைநோயின் முன் ஒருவர் கையினால் எதிர்த்தார். மற்றொருவர் அறிவினால் எதிர்த்தார். கையும் அறிவும் ஒன்று சேரவேண்டும் என்பதை அம்மையார் பின்னர்த் தம் வாழ்விலேயே பெரும் விலை கொடுத்துக் கற்றார். அதனையும் கூறுதும்.

அவ்வாண்டு கிறைமியப் போர் மூண்டிருந்தது. காயமுற்ற போர்வீரர் கவனிப்பாரின்றி மடிகின்றனர் என்னும் செய்தி இலண்டன் பத்திரிகைகளில் வெளியாகவே, மந்திரி சிட்னி ஹேபேட் அம்மையாரை வேண்டினார். 38 தாதியருடன் அவர் ஒக்ரோபர் 21ஆந் திகதி புறப்பட்டு, நவெம்பர் 4ஆந் திகதி, கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூற்றாரிப் பாசறை வைத்தியசாலையை அடைந்தார். இப்பொழுது தாயாரும் தமக்கையாரும் தடுத்தாரல்லர். நாடு முழுதும் போற்றுதல் கண்டு பெருமைகொண்டனர். உலகியல்பு இதுவே. மறைவாகச் செய்தபோது அவமானமாய்த் தோன்றிய அதே பணி, அரசாங்கம் அழைத்தபோது குடும்பத்தின் மகிமையாயிற்று. பணி மாறவில்லை, பார்ப்பவர் கண்ணே மாறியது.

அங்கே சென்றபின், வைத்தியர்கள் முதலில் அவரை உள்ளே விட விரும்பவில்லை. அவர் வாதாடாது காத்திருந்தார். காயமுற்றோரும் நோயுற்றோரும் வெள்ளம்போல் வந்து குவிந்தபோது, அவர்களே அவரை அழைத்தனர். உணவு, உடை, படுக்கை, துடைப்பம் யாவற்றையும் அவர் தேடிக்கொடுத்தார். இரவில் விளக்குடன் சென்று ஒவ்வொருவரையும் பார்த்தார். ஆயினும், உண்மையை மறைக்காது சொல்வோமாயின், அக்குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, பெருகியது. 1855ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அவ்வைத்தியசாலையிற் சேர்ந்தோருள் நூற்றுக்கு 42 பேர் வரை மாண்டனர். வாந்திபேதியும் வயிற்றுளைவும் விஷசுரமுமே அவர்களைக் கொன்றன. மார்ச் மாதத்தில் வந்த சுகாதாரக் குழுவினர், கட்டடத்தின் கீழுள்ள அடைபட்ட சாக்கடைகளைத் துப்புரவாக்கி, குடிநீர் வரும் வழியிற் கிடந்த விலங்கின் பிணத்தை அகற்றி, காற்றோட்டம் செய்தபின்னரே சாவு விரைந்து குறைந்தது. ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 2 ஆயிற்று.

அவ்வாண்டு மே மாதத்தில் அம்மையாரும் கிறைமியாவிற் கொடிய சுரத்தால் வருந்தி மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். அந்நோயின் மிச்சம் பல்லாண்டு அவரைப் படுக்கையிற் கிடத்தியது. 1856ஆம் ஆண்டில் நாடு திரும்பியபின், வில்லியம் பார் என்னும் கணக்கியல் அறிஞரோடு இருந்து, இறந்தோர் கணக்கையெல்லாம் ஆராய்ந்தார். அப்போரில் மாண்ட ஆங்கில வீரர் ஏறக்குறைய 21,000 பேருள், 16,000 பேர் வரை நோயினாலேயே இறந்தனர் என்பதும், தாம் இரவு பகலாக உழைத்த ஸ்கூற்றாரியே சாவு மலிந்த இடம் என்பதும் அக்கணக்கினாற் புலப்பட்டன. புகழ்மாலை சூடிய ஒருவர் இதனை மூடி மறைத்திருக்கலாம். அவரோ மறைக்கவில்லை. அக்கணக்கை யாவரும் ஒரு பார்வையில் உணருமாறு வண்ணப் படங்களாக வரைந்து, 1858ஆம் ஆண்டில் அதிகாரிகளின் முன்வைத்தார். சேனையின் சுகாதார முறைகள் திருந்தின. 1860ஆம் ஆண்டு, மக்கள் அவர் பெயரால் ஈட்டிய நிதியைக்கொண்டு இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. உலகமெங்கும் பரவிய தாதியர் பயிற்சிக்கு அது பெரிய வித்தாயிற்று.

இச்சரித்திரத்தில் நாம் கொள்ளற்பாலன யாவை? நம்மவர் எழுப்பும் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்து விடை கூறுதும்.

"அவர் வேற்றுச் சமயத்தவராயிற்றே, அவரை நாம் போற்றுவது எற்றுக்கு?" எனின், எவர் எவ்வடிவில் வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றுப் பயன் அளிப்பவர் முதல்வர் ஒருவரே என்பது நம் சித்தாந்தத் துணிவு. நன்மை எங்கே விளைந்தாலும் அது திருவருளின் விளைவே. அதனைக் கண்டு மகிழாதவர் தம் சமயத்தை உயர்த்தினாரல்லர், குறுக்கினாரே ஆவர்.

"நோய் அவரவர் முன்செய்த வினையின் பயன், அதனை நாம் இடைபுகுந்து தடுப்பது எங்ஙனம்?" எனின், இத்தடை சைவர் வாயிலிருந்து வருவது நமக்கு மிக்க வருத்தந் தருகின்றது. திருஞானசம்பந்த சுவாமிகள் கொங்கு நாட்டிலே திருக்கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது, பனிக்காலத்துக் குளிர்சுரம் அடியார்களைப் பற்றியது. சுவாமிகள், இது வினைப்பயன் என்று சொல்லி வாளா இருந்தனரா? அந்நாட்டை விட்டு அகன்றனரா? இல்லை. வினையைச் சொல்லிக்கொண்டு உய்யும் வழியைத் தேடாதிருத்தல் குறையாம் என்னும் கருத்தமையத் திருப்பதிகம் அருளிச்செய்தார். அடியார் நோய் நீங்கிற்று. அன்றியும், அப்பதியில் வாழ்வோர்க்கு மாத்திரமன்றி, அந்நாடு முழுவதற்கும் அந்நோய் நீங்கிற்று என்று சேக்கிழார் சுவாமிகள் கூறுகின்றார். தம்மைச் சார்ந்தார் பிழைத்தாற் போதும் என்பது ஆளுடைய பிள்ளையாரின் திருவுள்ளம் அன்று என்பதனை இதனாற் காண்க. நோயாளிக்கு நோய் வினைப்பயனாக வரலாம். அதனைக் கண்ட நமக்கோ அது கடமையாக வருகின்றது. அவன் வினையை அவன் அநுபவிக்கட்டும் என்று நாம் கதவடைப்போமாயின், அக்கதவடைப்பு நம்முடைய புதுவினை ஆகாதோ?

"தீண்டத்தகாத அழுக்கைத் தீண்டுவது ஆசாரத்துக்கு மாறு" எனின், ஆசாரம் என்பது யாது? திருவதிகைத் திருக்கோயிலிலே திலகவதியார் திருவலகு ஏந்தினார். அவர் தம்பியாராகிய அப்பர் சுவாமிகள் உழவாரப்படை ஏந்தினார். அழுக்கைக் கண்டு ஒதுங்குவது சைவாசாரம் ஆயின், அவ்விருவரும் அதனை ஏந்தியிரார். அழுக்கை நீக்குவதே ஆசாரம். இறைவன் எழுந்தருளியிருக்கும் திருக்கோயிலைத் துப்புரவாக்குதல் சரியையாயின், உயிர்கள் இயங்கும் உடம்பாகிய நடக்குந் திருக்கோயிலைத் துப்புரவாக்குதல் எவ்வாறு இழிவாகும்? நடக்குந் திருக்கோயில்களுக்குச் செய்தது கற்கோயில் இறைவனுக்குச் சேரும், கற்கோயிலுக்குச் செய்தது அவர்களுக்குச் சேராது என்னுங் கருத்தைத் திருமூல நாயனார் நமக்கு விளங்க வைத்திருக்கின்றார்.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பெற்றார் ஆணையை மீறலாமோ? தம் சுகத்துக்காகவும், பொருளாசைக்காகவும், மனம் போன போக்குக்காகவும் மீறுதல் ஒருகாலும் ஆகாது. சிவத்தொண்டுக்குத் தடை நேருமிடத்தோ, தந்தை என்னும் முறையும் பின்னிற்கும் என்பதைச் சண்டேசுர நாயனார் சரித்திரம் நமக்கு உணர்த்துகின்றது. அஃது அவர்க்கே உரிய அருஞ்செயல். மற்றையோர் அதனைப் பின்பற்றி எவரையும் துன்புறுத்தலாகாது. அதன் உட்கருத்தையே நாம் கொள்ளல் வேண்டும். நைற்றிங்கேல் அம்மையார் அக்கருத்தைச் சாந்தமான வழியில் நடத்திக் காட்டினார். அவர் மீறியது எவ்வாறு என்று பாருங்கள். பதினாறு ஆண்டு காத்திருந்தார். அக்காலத்தில் வீட்டின் கடமைகளைக் கைவிடவில்லை. வைதாரை வைதாரல்லர். பணிக்குரிய தகுதியை மறைவிலிருந்தே வளர்த்துக்கொண்டார். மணத்தையும் சுகத்தையும் தாமே துறந்தமையால், அவர் வேண்டியது தந்நலம் அன்று என்பது யாவர்க்கும் விளங்கிற்று. மீறுதற்கு உரிமை பெறுவார், முதலில் தம்மைத் துறந்தவராயிருத்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று. தந்தையார் 1874ஆம் ஆண்டில் இறந்தபின், கண்ணொளி மங்கி முதுமையுற்ற தாயாரைப் பேணியவருள், அன்று அவர் சொல்லைக் கேளாத இம்மகளாரும் ஒருவர். தாயார் 1880ஆம் ஆண்டில் இறந்தார். தம்மை எதிர்த்து அழுத தமக்கையார் நோயால் முடங்கியபோதும் அம்மையார் சென்று துணையிருந்தார். பெற்றாரை எதிர்த்து உலகினரைப் பேணியவர், ஈற்றிற் பெற்றாரையும் பேணினார். பிறரைப் பேணக் கற்ற கை வீட்டாரைக் கைவிடுவதில்லை. இதனைப் பெற்றோர் கருத்தில் வைப்பாராயின், மகளை இழந்துவிடுவோம் என்னும் அச்சம் நீங்கும்.

அவர் இரக்கம் நம்மவரையும் எட்டியது. இந்தியாவுக்கு அவர் ஒருபோதும் வந்தாரல்லர். ஆயினும் அந்நாட்டுச் சுகாதாரத்தையும் நீர்ப்பாசனத்தையும் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்து எழுதினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தைக் குறித்து, தம் நாட்டார் மனச்சாட்சியைத் தட்டியெழுப்புமாறு 1878ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்பஞ்சக் காலத்திலேதான் நம் நாவலர் பெருமானும் யாழ்ப்பாணத்திற் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்கள். சமயத்தைக் காக்க எழுந்தவர், பசித்த வயிற்றைக் காப்பதும் சமயத் தொண்டே என்று காட்டினார்கள்.

அம்மையார் 1910ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 13ஆந் திகதி, தமது 90ஆம் வயதிற் காலமானார். நாட்டின் பெருமக்களை அடக்கஞ்செய்யும் இடத்தில் அவருக்கு இடம் அளிக்க முன்வந்தபோது, உறவினர் அதனை ஏலாது, தம் குடும்பத்தார் உறங்கும் சிற்றூர்க் கோயிலின் அயலில் அடக்கினர். ஈராயிரத்திருபதாம் ஆண்டை, அவர் பிறந்த இருநூறாம் ஆண்டு என்பது கருதி, உலகச் சுகாதார நிறுவனம் தாதியர்க்கும் மருத்துவமாதர்க்கும் உரிய ஆண்டாக அறிவித்திருந்தது. விழாக் கொண்டாட எண்ணிய அவ்வாண்டிலேயே கொரோனாக் கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தது. விழா நடந்ததோ இல்லையோ, தாதியர் எல்லா நாடுகளிலும் விழித்திருந்தனர். தம் பிள்ளைகளைத் தொடாமல் எட்ட நின்று, பிறர் பிள்ளைகளைத் தொட்டுப் பேணினர். அவர்களுட் பலர் அந்நோயினாலேயே உயிர் துறந்தனர். அவர்கள் பெயரைச் சரித்திரம் எழுதாது. அம்மையாரோடு ஸ்கூற்றாரிக்குச் சென்ற 38 பேரின் பெயரையும் இன்று எத்துணைப்பேர் அறிவர்? செய்த பணியை மாத்திரம் அறிபவர் ஒருவர் உளர், அவர் மறப்பதில்லை.

ஆதலின், அன்பர்களே, நாம் செய்யக்கடவன சில. பெற்றோராயுள்ளார், தம் மகள் இப்பணியை விரும்புவாளாயின், "நம் குடிக்கு ஏற்குமோ?" என்று கேளாது, "அதற்குரிய மனவுறுதி உனக்கு உண்டோ?" என்று கேட்கக்கடவர். உண்டெனின் ஆசி கூறி அனுப்பக்கடவர். மகன்மாரைப் பெற்றோர், தாதியாய் உள்ள பெண்ணைத் தம் இல்லத்துக்கு மருமகளாக ஏற்பதைப் பெருமையெனக் கொள்ளக்கடவர். இளம்பெண்களாயுள்ளார், ஆர்வத்தை மாத்திரம் நம்பாது கல்வியையும் பொறுமையையும் தேடக்கடவர்; ஸ்கூற்றாரியின் சாக்கடை அன்புக்கு அஞ்சவில்லை, அறிவுக்கே அஞ்சிற்று என்பதை மறவாதிருக்கக்கடவர். நாமெல்லாரும், நம் கிணறுகளையும் மலசலகூடங்களையும் ஆலய வீதிகளையும் திருக்குளங்களையும் துப்புரவாக வைத்தலைச் சரியைத் தொண்டின் பகுதியாகக் கொள்ளக்கடவோம். அயலிலே நோயுற்றார் ஒருவர் உளரெனின், திருவிழாவுக்குச் செல்லும் வழியில் அவர் வாயிலிலும் சற்றே நிற்கக்கடவோம்.

நெற்றியிலே திருநீறு தரித்த நாம், இவ்வுடம்பு ஒருநாள் நீறாகும் என்பதை நாள்தோறும் நினைவுகூருகின்றோம். நீறாவதன்முன் அது பிறர்க்குப் பயன்படுமாயின் அதுவே அது பெற்ற பேறு. அப்பேற்றினை நம் புதல்வியர்க்கு நாமே மறுத்து நிற்றல் தகுமோ? நோயுற்றார் துயர் நீங்கவும், அவரைப் பேணுவார் கை தளராதிருக்கவும், அக்கைகளைத் தடுப்பார் மனம் இளகவும் எல்லாம்வல்ல வைத்தியநாதப் பெருமான் திருவடிகளை இறைஞ்சுவோமாக.

திருச்சிற்றம்பலம்.